டயர் மேல் உட்கார்ந்து கற்றது

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானட்டை மற்ற கார்களின் பானட்டோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வராது. அம்பாசடரிலும் பியட்டிலும் எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடி மட்டும்தான் திறக்கும். இரண்டு பக்க மட்கார்டும் அப்படியே நிற்க, தகரத்தின் மேல் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவி வேலை பார்க்க வேண்டும். ஹெரால்டில் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து, கண்ணாடிப் பக்கத்திலிருந்து தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து காரின் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே மறைவிடம் என்று ஒன்றும் கிடையாது. எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராடு, சுருள் ஸ்பிரிங், சேஸின் இரும்புச் சட்டம், இரண்டு முன்சக்கரங்கள், எல்லாம் வெயிலில் தெரியும். முன்டயரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை செய்யலாம்.

பத்து வயதில் நான் உட்கார்ந்த இடம் அது. இடது பக்க முன்டயர். எதிர்ப்பக்க டயரில் அப்பா.

இருபது வருடத்துக்கும் மேலாக எங்களோடு இருந்த அந்தக் கார் இப்போது இல்லை. அதை நினைத்தால் எத்தனையோ ஊர்களும் மழைகளும் முகங்களும் சேர்ந்து வருகின்றன. ஆனாலும் அதைப் பற்றி எனக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான். தன்னை முழுசாகத் திறந்து காட்டிய ஒரு பொருளோடு நான் வளர்ந்தேன். சின்னவள் என்றோ பெண்பிள்ளை என்றோ அது என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. நான் செய்கிற வேலையும், ஒரு பிரச்சினை வந்தால் அதன் எதிரே நான் நிற்கிற விதமும் அங்கேயிருந்து வந்தவை.

அந்த மூக்கு அப்படித் திறப்பதற்குப் பின்னால் ஒரு தொழிற்சாலைக் கதை உண்டு. ஹெரால்டின் பிறப்பிடம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனி. 1950களில் அவர்கள் புதிதாக ஒரு சின்னக் காரைத் திட்டமிட்டார்கள். பாடியைச் சேஸ் இல்லாமல் ஒரே கூடாகச் செய்யும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மாதிரி பாடிகளை அழுத்திக் கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி 1953இல் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் இவர்கள் தனிச் சேஸுக்குத் திரும்பினார்கள். பாடியைப் பகுதி பகுதியாக வெவ்வேறு இடங்களில் அடித்து, கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியில் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் கார் வெளிவந்தது. கைவசம் இல்லாத ஒன்றுக்காகச் செய்த ஏற்பாடுதான், எவரும் ஸ்பேனரோடு போய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு காரைக் கொடுத்தது.

நம்மூருக்கு அது ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி இருந்தது, 1948இல் தொடங்கியது. உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே மூன்று பேர் நாட்டுக்கெல்லாம் கார் செய்த காலம். காரின் விலையைக்கூட அரசாங்கமே கட்டுப்படுத்தியது. மூன்றில் சிறியது நம் மெட்ராஸ் கம்பெனி. 1961இல் அங்கே ஹெரால்டு வந்தது. 1968இல் மார்க் 3 வந்தபோது அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் செய்த ஹெரால்டுக்குக் கடைசிவரை நாலு கதவு வரவில்லை. முட்டி வலிக்கிற பாட்டியை, முன்சீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் ஏற்றுகிற அவஸ்தை நமக்கு மட்டும் தீர்ந்தது. அதைச் செய்த வண்டலூர்க்காரர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

எங்களுடையது 1969ஆம் வருடத்து மார்க் 3. வெளிர்நீலம். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். திருச்சியில் ஒரு டாக்டர் அம்பாசடருக்கு மாறியபோது, 1978இல் அப்பா அதை வாங்கினார். அப்பாவுக்கு வேலை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில். 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிற பிரிவில் சார்ஜ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தத் தெருவுக்கே கார் கிடையாது. சைக்கிள்தான். சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆறாகப் போகும். அந்த வரிசையில் அப்பாவும் சைக்கிளில்தான் போனார், கார் வந்த பிறகும். காரை வாங்கியது அம்மாவுக்காக. ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா டீச்சர். இரண்டு பஸ் மாற வேண்டும். அதோடு பாட்டியை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பானட் திறக்கும். வேப்பமரத்தடியில் கோணிச்சாக்கு விரித்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்குவது என் வேலை. முதல் சில வாரங்கள் அவர் கேட்பதை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அவர் கேட்கும் முன்பே கையில் வைத்திருந்தேன். அதற்கப்புறம், "நீயே போடு பாப்பா" என்றார்.

டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாலு சிலிண்டர், எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே உள்ள இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 10 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு உள்ளே போய், லேசாகப் பிடித்து, வர வேண்டும். ஆனால் எந்த வால்வை எப்போது பார்ப்பது? அது முழுசாக மூடியிருக்கும் நேரத்தில்தான் பார்க்க முடியும். அப்பா சாக்பீஸால் தரையில் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதினார்.

"எட்டாவது வால்வு முழுசா அமுங்கியிருக்கு பாரு. அப்ப எதைப் பாக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை.

"கூட்டினா ஒன்பது வரணும் பாப்பா. எட்டு அமுங்கியிருந்தா ஒண்ணைப் பாரு. ஆறு அமுங்கியிருந்தா?"

"மூணு."

"நாலு?"

"அஞ்சு."

அவ்வளவுதான். அந்தக் கணக்கை இன்றும் என் மாணவர்களுக்கு அதே சாக்பீஸ் எண்களோடு சொல்லித் தருகிறேன். கேம் ஷாஃப்ட்டில் முட்டுகள் அமைந்திருக்கும் ஒழுங்கினால் ஒன்பது வருகிறது என்ற விளக்கம் எனக்குக் கல்லூரியில்தான் கிடைத்தது. ஆனால் அதற்கு ஏழெட்டு வருடம் முன்பே என் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. ஸ்பார்க்கைத் தூண்டும் சி.பி. பாயின்ட்டின் இடைவெளிக்கு 15 தௌ என்பதும், ஸ்பார்க் போகும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பதும், பெருக்கல் வாய்ப்பாட்டோடு சேர்ந்து மனதில் ஏறியவை.

அந்தக் காரில் நான் மிகவும் மதித்த பாகம் ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் திரும்பும். காரின் அந்தப் பக்கத்து முன்பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் திரும்பும். அந்தக் கட்டைக்குப் பெயர் ட்ரன்னியன். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கெட்டியானது, அடிப்புரி வரைக்கும் இறங்காது. இறங்காத இடத்தில் மழைத்தண்ணீர் தங்கும். உள்ளுக்குள்ளேயே இரும்பு துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

இதை அப்பா எனக்கு வார்த்தையில் சொன்னதைவிட நேரில் காட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டவுனில் ஒரு வக்கீலின் ஹெரால்டு, பெட்ரோல் பங்க்கிலிருந்து மெதுவாகத் திரும்பி வெளியே வரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே கிரீஸ் கன்னால் அடித்திருக்கிறார்கள். ஆள் வந்து கூப்பிட்டதும் அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். முறிந்த தண்டை என் கையில் கொடுத்தார். உடைந்த முகத்தில் பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. "பழுப்பா இருக்குல்ல, அது ரொம்ப நாளாவே உடைஞ்சு கெடந்தது. பளபளன்னு இருக்கிறது மட்டும்தான் இன்னிக்கு உடைஞ்சது" என்றார்.

உலோகத் தளர்ச்சி பற்றி எத்தனையோ புத்தகங்களைப் பிற்பாடு படித்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவை சொன்னது விவரம்தான். அந்த வாரத்திலிருந்து எங்கள் காரின் ட்ரன்னியன்களுக்கு ஆயில் விடும் பொறுப்பு என்னுடையது. மழைக்காலத்தில் கூடுதலாக விடுவேன். யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் வேலைக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அது எனக்கு அப்போது பிடிபட்டது.

அம்மா கார் ஓட்டக் கற்றது பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில். முப்பத்தெட்டு வயது. தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் முகத்தில் ஒரு தீவிரம் வந்துவிடும். கிளட்சும் கியரும் அவளுக்குச் சீக்கிரமே வசப்பட்டன. தெருவில் திருப்புவதற்குத்தான் தயங்கினாள். குவார்ட்டர்ஸ் தெரு குறுகல். இரண்டு பக்கமும் வேலி.

"திருப்பு, இன்னும் திருப்பு. நிக்கிற வரைக்கும் திருப்பு."

"போதும்ங்க, வேலியில இடிச்சிரும்."

"இடிக்காது. எடத்தப் பாக்காத, வண்டிய நம்பு."

ஹெரால்டின் திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. லண்டன் டாக்ஸிகள் குறுகிய இடத்தில் திரும்பியாக வேண்டும் என்று அங்கே விதித்திருக்கும் அளவும் அதுதான். முன்சக்கரங்கள் கிட்டத்தட்டக் குறுக்காகவே திரும்பி நின்றுவிடும். அம்மா கண்ணை அகல விரித்துக்கொண்டு முழுசாகத் திருப்பினாள். வண்டி ஒரே மூச்சில் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. வேலிக்கு இன்னும் இடம் மிச்சம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காக்கள் கைதட்டினார்கள். அம்மா இறங்கவில்லை. மறுபடியும் ஒருமுறை திருப்பினாள்.

பிறகு வந்த வருடங்களில் அவள் திருப்பாத தெருவில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் நந்தி கோயில் தெருவில், அம்பாசடர்க்காரர்கள் முன்னும் பின்னுமாக முட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் ஹார்ன் அடித்து ஒரே வெட்டில் திரும்பிப் போவாள். பின்சீட்டில் நானும் தம்பியும் பெருமையில் நிமிர்ந்து உட்காருவோம். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் அவளோடு வருவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு டீச்சருக்குப் பிரசவ வலி கண்டபோது கொண்டுபோய்ச் சேர்த்ததும், தேர்வு விடைத்தாள் கட்டுகளை மழையில் நனையாமல் கொண்டுபோனதும் அந்தக் கார்தான். அதை ஓட்டியது என் அம்மா. அப்பா கடைசிவரை லைசென்ஸ் எடுக்கவில்லை. "நான் ரிப்பேர்க்காரன், அவதான் டிரைவர்" என்பார். இதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில், பொன்மலையில், ஒரு வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு சாதாரணமாக நடந்தது என்பதை நான் பெரியவளான பிறகுதான் வியந்து பார்த்தேன்.

அம்மா அவ்வளவு லாகவமாகத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் ட்ரன்னியனின் புரி மேல்தான் சக்கரம் சுழன்றது என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் திருப்பும்போது எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

1983இல் கொல்லிமலைக்குப் போனோம். அப்போது அது சேலம் மாவட்டம். முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகப் போய்க் காரவள்ளியில் மலை ஏற வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரரைப் பார்க்கவேண்டும் என்பது பாட்டியின் ஆசை. அப்பாவுக்கு வேறு கவலை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊசலாடும் அச்சில் நிற்பவை. இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சமதளத்தில் அது சுகமான வண்டி. ஆனால் வளைவுக்குள் வேகமாகப் போய், நடுவில் பிரேக்கை மிதித்தால், பின்பாரம் தூக்கிக்கொண்டு வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். வண்டி வாலைச் சுழற்றிவிடும். அந்த டிசைனின் உண்மையான பலவீனம் அது. எனக்குப் பிரியமான கார் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். எங்கள் மாடலுக்குப் பிறகு அதே கம்பெனி 1972இல் கொண்டுவந்த கெஸல் மாடலில் அந்த அச்சையே மாற்றிவிட்டார்கள்.

"வேகத்தக் கொறைக்கணும்னா வளைவுக்கு முன்னாடியே கொறைச்சிரு. உள்ள போனப்புறம் பிரேக் மேல கால் வைக்காத" என்று அடிவாரத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு வாயைத் திறக்கவில்லை. அம்மா இரண்டாவது கியரில் ஏறினாள். வேறு வண்டிகள் நின்று, பின்னுக்கு எடுத்து, மறுபடி திரும்பிய வளைவுகளில் எங்கள் வண்டி நிற்காமல் திரும்பியது. 948 சி.சி. எஞ்சின்தான். ஐந்து பேர், சோற்று மூட்டை, தண்ணீர்க் குடம். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் ஏறியது. நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஆறவிட்டோம். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது என்று தம்பிக்கு நான் விளக்கினேன். அந்த வழியாகப் பலாப்பழம் சுமந்து இறங்கிய மலைக்காரப் பெண்கள் மூன்று பேர், இப்படி மொத்தமாகத் திறந்து நிற்கும் காரைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி காரைச் சுற்றி வந்து ஃபேனைக் காட்டி, "இது எதுக்கு?" என்றாள். பதினைந்து வயதில் நான் அவளுக்குச் சொன்ன பதில்தான் என் முதல் பாடம். தண்ணீர் சூடாகிறது, காற்று அதைத் தணிக்கிறது, தணிந்த தண்ணீர் மறுபடி எஞ்சினுக்குப் போகிறது. அவள் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். புரிந்துகொண்டாள். கண்ணெதிரே இருந்ததால் புரிந்தது.

கோடையில் பெட்ரோல் பம்ப்பில் ஏர் லாக் ஆகி நிற்பது, ஈரத்துணி சுற்றிவிட்டுக் காத்திருப்பது, மழைநாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துக் காயவைப்பது, இவையெல்லாம் அந்தக் காலத்துக் கார் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைவிட எங்களை வருத்தியது ஸ்பேர் பார்ட்ஸ். 1977இல் கெஸலும் நின்றுபோனது. அடுத்து வந்த ஸ்டாண்டர்டு 2000 பெரிய கார், 1985இல் வந்தது. அதற்கும் எங்கள் ஹெரால்டுக்கும் சம்பந்தமில்லை. 1988 வாக்கில் வண்டலூரில் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. பாலக்கரையில் ஒரு பாய் லேத் வைத்திருந்தார். புஷ், பின் எல்லாம் அவர் கடைந்து கொடுத்தார். கேஸ்கெட் ஷீட் வாங்கி வீட்டிலேயே வெட்டினோம். ட்ரன்னியன் மட்டும் கடையில் வாங்கியாக வேண்டும். அதற்காக அப்பா ரயில்வே பாஸ் போட்டு, ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, நடந்தே புதுப்பேட்டைக்குப் போவார். நானும் போவேன். கூவம் ஓரத்துச் சந்துகளில் வரிசையாகப் பழைய உதிரிபாகக் கடைகள். கியர்பாக்ஸ் மலை, கதவு மலை. ஒரு கடைக்காரர் மண்ணெண்ணெய் டின்னுக்குள் கையைவிட்டு ஒரு ட்ரன்னியனை எடுத்துத் துடைத்துக் கொடுப்பார். அப்பா அதை என்னிடம் நீட்டுவார். நான் புரியை நகத்தால் தடவிப் பார்த்து, "தேஞ்சிருக்குப்பா, வேற பாக்கலாம்" என்றால், கடைக்காரர் அப்பாவைப் பார்ப்பார். அப்பா, "பாப்பா சொன்னா சரிதான்" என்பார்.

அந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை எழுதித் தீர்க்க முடியாது. 1985இல் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பொம்பளைப்பிள்ளைக்கு ஒர்க்‌ஷாப் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் எஞ்சினைக் கண்டு ஒதுங்கி நின்ற பையன்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திறந்த எஞ்சினை அதற்கு முன் அவர்கள் பார்த்ததே இல்லை. அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. நான் அவர்களைவிடக் கெட்டிக்காரி என்பதில்லை. எனக்கு ஒரு டயர் கிடைத்தது, அதில் உட்கார இடம் கொடுத்த ஒரு மனிதரும் கிடைத்தார். திறமை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு, யார் எதைத் திறந்து பார்க்க விடப்பட்டார்கள் என்பதுதான். முப்பது வருடத்துக்கும் மேல் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டேன். இந்த எண்ணம் மாறவில்லை, உறுதிப்பட்டிருக்கிறது.

அப்பா 1998இல் தவறிப்போனார். கார் அதற்குப் பிறகும் ஓடியது, ஆனால் சேஸ் துருப்பிடித்துவிட்டது. ஹெரால்டுக்கு உயிர் சேஸில்தான். பாடியைத் தாங்க இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் கைகள் முதலில் அரிக்கும், பிறகு நடுச்சட்டம். வெல்டிங் வைத்துப் பார்த்தோம். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் விட்டுப்போனது. 2001இல் அம்மா, "இதுல இனிமே புள்ளைங்கள ஏத்தக் கூடாது" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். அழவில்லை. சரியான முடிவு. ஓட்டுகிறவளுக்குத்தான் அந்த உரிமை இருந்தது.

பாலக்கரை பாயின் பேரன் வந்தான். குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் வந்திருந்த கே.கே. நகர் வீட்டு முற்றத்தில் இரண்டு நாள் வேலை. கவென்ட்ரிக்காரர்கள் வேறு வழியில்லாமல் போட்ட போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பெரும்பாலான கார்களை இப்படிப் பிரிக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் கார் முழு முழுப் பகுதிகளாகப் பிரிந்து வந்தது. பானட்டையும் மட்கார்டையும் கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய ஹெரால்டை மீட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். எஞ்சினும் அவருக்கே போனது. நான்கு கதவுகளும் பெங்களூருக்கு. அந்த நாலு கதவு வண்டலூரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் செய்யாதது என்பதால் அவற்றுக்கு நல்ல கிராக்கி. சேஸ் எடைக்குப் போயிற்று. மனம் கனத்தது. ஆனாலும் ஒரு பாகத்தைக்கூட உடைக்காமல் கழற்றினோம் என்பதில் எனக்கு ஆறுதல் இருந்தது. அப்பா இருந்தால் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கியிருப்பார். நான் அடுக்கியிருந்தேன்.

கியர்பாக்ஸை மட்டும் நான் கேட்டு வைத்துக்கொண்டேன். எங்கள் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. பக்கவாட்டில் வெட்டி, உள்பாகங்களுக்கு வர்ணம் பூசி, கட் செக்‌ஷன் மாடலாக வைக்கலாம் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. வெட்டிய கியர்பாக்ஸைப் பார்க்கத்தான் முடியும். முழு கியர்பாக்ஸை ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு பிரித்துப் பூட்டலாம்.

இப்போது நான் ஓட்டுவது புதுக் கார். நல்ல கார். ஏர்பேக் இருக்கிறது, புகை குறைவு, கோடையில் நிற்பதில்லை, வளைவில் வாலைச் சுழற்றுவதில்லை. பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஹெரால்டில் என் குழந்தைகளை நெடுஞ்சாலையில் இன்று அழைத்துப்போக மாட்டேன். ஆனால் இந்தப் புதுக் காரின் பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரிகிறது. அதற்குக் கீழே கண்ட்ரோல் யூனிட். ஒரு விளக்கு எரிந்தால் அது எதற்கு எரிகிறது என்பதைக் ஒரு ஸ்கேனர்தான் சொல்லும். மெக்கானிக்கல் படித்து, அதையே கற்பித்துப் பிழைக்கும் எனக்கே கதவு இவ்வளவுதான் திறக்கிறது என்றால், கொல்லிமலை வளைவில் ஃபேனைக் காட்டிக் கேட்ட அந்தப் பெண்ணின் பேத்தி இன்று எதைக் காட்டிக் கேட்பாள்? பாதுகாப்புக்கும் சுத்தமான காற்றுக்கும் மின்னணுவியல் தேவை. பூட்டி வைப்பது தேவையில்லை. இரண்டும் வேறு வேறு.

2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி முதலான மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை அதில் எடுத்திருக்கிறார்கள். தொடக்கம் என்ற அளவில் வரவேற்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது இன்னும் கூடுதல். சர்வீஸ் மேனுவலும் வயரிங் படமும் கோளாறுக் குறியீடுகளின் பொருளும் காரை வாங்கியவருக்குக் காரோடு சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். தெருமுனை மெக்கானிக்குக்கும், பாலிடெக்னிக் மாணவிக்கும் அது தமிழில் கிடைக்க வேண்டும். இதை எங்கே பேசச் சொன்னாலும் போய்ப் பேசுகிறேன்.

மற்றபடி வெள்ளிக்கிழமை மதியம் அந்த கியர்பாக்ஸோடு ஒர்க்‌ஷாப் வகுப்பு. இப்போது பிள்ளைகளில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஹெரால்டின் முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும். அம்மா எந்த மேட்டிலும் நிதானமாக நிறுத்திப் போடுவாள், ஒருநாளும் பல் உரசியதில்லை. மற்ற மூன்று கியருக்கும் இருப்பது முதல் கியருக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பெண் கேட்பாள். நான் பதில் சொல்வதில்லை. ஸ்பேனரை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.